பேரைச் சொல், உள்ளே வா

ஒரு பொது இடத்துக்குள் நுழைகிற மனுசனிடம் பேர் கேட்பது சரியா, தப்பா? கேட்கலாம் என்றால் எந்தப் பேரைக் கேட்கலாம்? கேட்டு உள்ளே விட்ட பிறகு, ஏற்கெனவே உள்ளே உட்கார்ந்திருப்பவர்களுக்குப் புதுசாக வந்தவரிடம் ஏதாவது கடமை உண்டா, இல்லை கதவைத் திறந்துவிட்டதோடு முடிந்துபோச்சா? இந்த மூன்று கேள்விகளைத்தான் இங்கே பேசப்போகிறேன். கேள்விகள் பழசு. ஆனால் கணினியிலும் கைப்பேசியிலும் ஆயிரக்கணக்கானோர் கூடி எழுதுகிற, ஒருத்தர் எழுதியதை இன்னொருத்தர் திருத்துகிற பொது இடங்கள் வந்துவிட்ட பிறகு, நம் பிள்ளைகள் தினம் தினம் எதிர்கொள்கிற கேள்விகளாக இவை மாறியிருக்கின்றன. அதனால் புதுசாக யோசிக்க வேண்டியிருக்கிறது.

எங்கள் பக்கம் கும்மிடிப்பூண்டி, திருவள்ளூர் வட்டாரத்தில் வேலை தேடிப் போகிறவர்களிடம் முதலில் பேர்தான் கேட்பார்கள். நோட்டில் எழுதுவார்கள். ஆதார் நகல் வாங்குவார்கள். இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. இரும்பு உருக்குகிற இடம், ரசாயனம் கையாளுகிற இடம். உள்ளே யார் யார் இருக்கிறார்கள் என்று எழுதி வைக்காவிட்டால், ஒரு விபத்து நடந்தால் யாரைத் தேடுவது? ஆனால் பேர் எழுதி முடித்த பிறகு, வாசலிலோ, டீக்கடையிலோ, ஆள் பிடித்துத் தருகிறவரின் வண்டியிலோ, இன்னொரு கேள்வி வரும். "எந்த ஊருபா?" ஊரைச் சொன்னால், "ஊரா, காலனியா?" இந்த இரண்டாவது கேள்விக்கு எந்த நோட்டிலும் கட்டம் கிடையாது. ஆனாலும் பதில் எங்கோ எழுதப்பட்டுவிடுகிறது. முதல் கேள்வி கூப்பிடுவதற்காகக் கேட்பது. இரண்டாவது கேள்வி எடை போடுவதற்காகக் கேட்பது. பேர் கேட்பது சரியா தப்பா என்ற கேள்விக்கான விடையின் பாதி இதிலேயே இருக்கிறது.

பேருக்கு விதி எழுதுவது இந்த நாட்டில் புதுசு இல்லை. மநுஸ்மிருதியின் 2ஆம் அத்தியாயம் 31ஆம் சுலோகம் அந்த வேலையைத்தான் செய்கிறது. பிராமணனின் பேர் மங்களத்தையும், சத்திரியனின் பேர் வலிமையையும், வைசியனின் பேர் செல்வத்தையும், சூத்திரனின் பேர் இழிவையும் குறிக்க வேண்டும் என்கிறது. சூத்திரனுக்கே இந்தக் கதி. வருணத்துக்கு வெளியே நிறுத்தப்பட்ட நமக்கு விதி எழுதக்கூட மநு மெனக்கெடவில்லை. அதை ஊர் பார்த்துக்கொண்டது. குப்பன், மண்ணாங்கட்டி, அமாவாசை, பிச்சை. பிள்ளை தங்காமல் போய், தங்கட்டும் என்று பெத்தவர்களே வேண்டி வைத்த பேர்களும் இதில் உண்டு. ஆனால் ஆசைப்பட்டு ஒரு நல்ல பேர் வைத்தாலும் ஊர்த்தெருவில் அது முழுசாக ஒலிக்காது. கடைசி எழுத்தை முறித்து, ஒரு 'டா'வைச் சேர்த்துத்தான் ஒலிக்கும். அறுபது வயசுக்காரரை ஆறு வயசுப் பொடியன் பேர் சொல்லி அதட்டியதைக் கண்ணால் பார்த்தவர்கள் நம் சேரிகளில் இன்னும் இருக்கிறார்கள். பேர் வைக்கிற அதிகாரமும் கூப்பிடுகிற அதிகாரமும் நம் கையில் இல்லை என்பதுதான் தீண்டாமையின் முதல் பாடம்.

இதை நம் முன்னோர்கள் சும்மா விட்டுவிடவில்லை. காத்தவராயன் என்ற பேரோடு 1845இல் பிறந்தவர் தன் ஆசிரியரின் பேரைத் தன் பேராக எடுத்துக்கொண்டு அயோத்திதாசப் பண்டிதர் ஆனார். தனக்குப் பேர் தேடியதோடு அவர் நிற்கவில்லை. ஒரு மக்கள் கூட்டத்துக்கே பேர் தேடினார். சாதிபேதமற்ற திராவிடர் என்றார், பூர்வ பௌத்தர் என்றார். அதே காலத்தில் செங்கற்பட்டு மாவட்டத்துக்காரரான இரட்டைமலை சீனிவாசன் நேர் எதிரான வழியை எடுத்தார். எந்தச் சொல்லால் வைதார்களோ அதையே தலைப்பாக்கி 1893இல் 'பறையன்' என்று பத்திரிகை தொடங்கினார். ஒருவர் வசைச்சொல்லைத் தூக்கி எறிந்தார். இன்னொருவர் அதையே கொடியாகப் பிடித்தார். இந்த இருவரில் யார் சரி என்று நூறு வருசத்துக்கு மேலாக வழக்கு நடக்கிறது. என் பார்வையில் இரண்டு பேரும் ஒரே உரிமையைத்தான் கேட்டார்கள். 'என் பேர் என்ன என்பதை நான் சொல்வேன். நீ முடிவு செய்யாதே.' 1922இல் சென்னை மாகாண அரசு பறையர், பஞ்சமர் என்ற சொற்களுக்குப் பதிலாக ஆதிதிராவிடர் என்று எழுத ஆணையிட்டது அந்த வழக்கில் கிடைத்த ஒரு தீர்ப்பு.

1929 பிப்ரவரியில் செங்கற்பட்டில் நடந்த முதல் மாகாண சுயமரியாதை மாநாடு, சாதிப் பட்டங்களைப் பேரிலிருந்து விட வேண்டும் என்று தீர்மானம் போட்டது. இன்றைய திருவள்ளூர் மாவட்டத்தின் பெரும்பகுதி அப்போது செங்கற்பட்டு மாவட்டத்தில்தான் இருந்தது. அந்தத் தீர்மானத்தின் பலனை இன்று தமிழ்நாட்டில் பார்க்கிறோம். பேருக்கு முன்னால் ஓர் எழுத்து, அப்புறம் பேர், அவ்வளவுதான். வடக்கே இருந்து வேலைக்கு வருகிற தோழர்களுக்கு இது ஆச்சரியமாக இருக்கிறது. அங்கே கடைசிப் பேரைச் சொன்னால் போதும், சாதி தெரிந்துவிடும். இங்கே அப்படி இல்லை. ஆனால் பேரிலிருந்து விரட்டப்பட்ட சாதி முகவரியில் போய்க் குடியேறிவிட்டது. அதனால்தான் 'ஊரா, காலனியா' என்ற கேள்வி. 2025 ஏப்ரலில் தமிழ்நாட்டு முதலமைச்சர் சட்டமன்றத்தில், 'காலனி' என்ற சொல் அரசு ஆவணங்களிலிருந்தும் பொதுப் புழக்கத்திலிருந்தும் நீக்கப்படும் என்று அறிவித்தார். வரவேற்கிறோம். சொல் போகும். கேட்கிற வாய் வேறு சொல்லைக் கண்டுபிடிக்காமல் இருக்குமா என்பதுதான் பாக்கி.

இந்தப் பின்னணியோடு புது வாசலுக்கு வருவோம். 2003இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவை எடுத்துக்கொள்ளுங்கள். யாரும் எழுதலாம், யாரும் திருத்தலாம் என்ற கலைக்களஞ்சியம். 2017இல் ஒரு லட்சம் கட்டுரைகளைத் தொட்டு, இப்போது ஒன்றரை லட்சத்தையும் தாண்டிவிட்டது. உள்ளே போகக் கணக்குத் தொடங்குகிறவரிடம் 'பயனர் பெயர்' ஒன்று கேட்கிறது. அப்பா பேர் கேட்பதில்லை. ஊர் கேட்பதில்லை. தெரு கேட்பதில்லை. சான்றிதழ் கேட்பதில்லை. உனக்கு நீயே ஒரு பேர் வைத்துக்கொள் என்கிறது. பிடிக்காவிட்டால் பின்னால் மாற்றித் தரச்சொல்லியும் கேட்கலாம். காத்தவராயன் அயோத்திதாசர் ஆன உரிமை இங்கே ஒரு கட்டத்தை நிரப்புகிற வேலையாகக் கிடைக்கிறது. சாதிச் சான்றிதழுக்காக வருசக்கணக்கில் அலுவலகப் படி ஏறி இறங்குகிற இருளர் குடும்பங்களைப் பார்த்தவர்களுக்கு, எதையும் நிரூபிக்கச் சொல்லாத ஒரு வாசல் எவ்வளவு பெரிய விசயம் என்று தெரியும்.

அதற்காகப் பேருக்கு விதியே இல்லை என்று இல்லை. விக்கிப்பீடியா போன்ற இடங்களில் சில தடைகள் உண்டு. கம்பெனியின் பேரை வைத்துக்கொண்டு விளம்பரம் செய்யக்கூடாது. ஒரே கணக்கைப் பலர் சேர்ந்து ஓட்டக்கூடாது. இன்னொருவரை வைகிற மாதிரி பேர் வைக்கக்கூடாது. நிர்வாகி இல்லாதவர் நிர்வாகி என்று தோன்றும்படி பேர் வைக்கக்கூடாது. யோசித்துப் பார்த்தால் இந்த விதிகள் எல்லாம் ஒன்றைத்தான் கேட்கின்றன. 'நீ யாருக்குப் பிறந்தாய் என்பது வேண்டாம். நீ சொன்ன சொல்லுக்கு நீ பொறுப்பேற்பாயா?' பிறப்பைக் கேட்கிற விதிக்கும் பொறுப்பைக் கேட்கிற விதிக்கும் உள்ள வித்தியாசம் சின்னது இல்லை. முதலாவது மநுவின் விதி. இரண்டாவது ஜனநாயகத்தின் விதி.

இதற்கு மாறாக 'உண்மைப் பேரைத்தான் வைக்க வேண்டும்' என்று அடம்பிடித்த இடங்களும் உண்டு. 2014இல் பேஸ்புக்கில் என்ன நடந்தது? மேடையில் பெண் வேடம் தரித்து ஆடுகிற கலைஞர்கள் பலரின் கணக்குகளை, அது சட்டப்படியான பேர் இல்லை என்று முடக்கினார்கள். அமெரிக்கப் பூர்வகுடிகள் சிலரின் கணக்குகளும் முடங்கின. அவர்கள் வைத்திருந்தது அவர்களுடைய சொந்தப் பேர், பரம்பரைப் பேர். கணக்குப் பார்க்கிறவனின் காதுக்கு அது 'பேர் மாதிரி' இல்லை, அவ்வளவுதான். அந்த ஆண்டு அக்டோபரில் அந்த நிறுவனம் மன்னிப்புக் கேட்டது. உண்மைப் பேர் எது என்று முடிவு செய்கிற இடத்தில் உட்கார்ந்திருப்பவன் தன் வீட்டுப் பேர்களைத்தான் உண்மை என்று நினைப்பான். நம்ம குப்பன்களையும் அமாவாசைகளையும் பள்ளிக்கூடப் பதிவேட்டில் வாத்தியார்கள் தம் இஷ்டத்துக்கு மாற்றி எழுதியதும் இதே புத்திதான்.

இங்கே ஒரு எதிர்க்கேள்வி வரும். வேறு பேரில் ஒளிந்துகொள்வது பொய்தானே? நாணயமானவன் ஏன் தன்னை மறைக்க வேண்டும்? இதற்கு அம்பேத்கர் வாழ்க்கையிலேயே பதில் இருக்கிறது. 1917இல், அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் படித்துவிட்டு பரோடா சமஸ்தானத்தில் வேலைக்குப் போனவருக்குத் தங்க இடமில்லை. பார்சிகளுக்கு மட்டுமான ஒரு விடுதிக்குப் போனார். சத்ராவும் கஸ்தியும் அணியாததைப் பார்த்து இவர் பார்சி இல்லை என்று விடுதிக் காவலர் கண்டுகொண்டார். கடைசியில் பதிவேட்டில் ஒரு பார்சிப் பேரை எழுதினால் தங்கலாம் என்று ஏற்பாடு ஆனது. எழுதினார், தங்கினார். பதினோராம் நாள் காலை தடிகளோடு ஒரு கூட்டம் வந்து, நீ யார் என்று கேட்டு, சாயங்காலத்துக்குள் காலி செய்யச் சொல்லிவிட்டுப் போனது. இதைத் தன் நினைவுக் குறிப்பில் அவரே எழுதியிருக்கிறார். உலகத்தின் பெரிய பல்கலைக்கழகங்கள் ஏற்றுக்கொண்ட பேரை ஒரு விடுதியின் பதிவேடு ஏற்றுக்கொள்ளவில்லை.

இதில் பொய் சொன்னது யார்? அம்பேத்கரா, பதிவேடா? அந்தப் பதிவேடு 'உன் பேர் என்ன' என்று கேட்டது. உண்மையில் அது கேட்க நினைத்தது 'நீ தீண்டத்தகாதவனா' என்பதை. கேள்வியே வேசம் போட்டு வருகிறபோது பதில் மட்டும் அம்மணமாக வர வேண்டும் என்று கேட்க யாருக்கும் உரிமை இல்லை. உண்மையைக் கேட்கிற தகுதி, அந்த உண்மையைக் கேட்ட பிறகும் மனுசனாக நடத்துகிறவனுக்குத்தான் உண்டு. அதனால் தனக்கு வேண்டிய பேரை வைத்துக்கொள்வது ஒளிதல் ஆகாது. ஒளிய வேண்டிய அவசியத்தை யார் உண்டாக்கினார்கள் என்பதுதான் அறக்கேள்வி. அதே சமயம் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஒருத்தர் பத்துப் பேரில் புகுந்து பத்து ஓட்டுப் போட்டால் அது வேறு. அங்கே அவர் தன் பிறப்பை மறைக்கவில்லை, தன் எண்ணிக்கையை மறைக்கிறார். இந்த மறைப்பு இன்னொருவரின் பங்கைத் திருடுகிறது. முதலாவது மறைப்பு யாருடைய பங்கையும் திருடவில்லை.

சரி, பேர் பிரச்சினை தீர்ந்தது, உள்ளே வந்தாச்சு. இனி என்ன? இங்கேதான் மூன்றாவது கேள்வி தொடங்குகிறது.

தமிழ் விக்கிப்பீடியாவில் பொது விசயங்களைக் கூடிப் பேசுகிற பக்கத்துக்கு 'ஆலமரத்தடி' என்று பேர். வைத்தவர்கள் நல்ல எண்ணத்தோடுதான் வைத்திருப்பார்கள். கிராமம், நிழல், நாலு பேர் கூடிப் பேசுவது என்று அவர்களுக்குத் தோன்றியிருக்கும். ஆனால் ஆலமரத்தடி என்றதும் நம் பாட்டனுக்கு என்ன ஞாபகம் வரும்? மேடையில் யார் உட்கார்ந்தார்கள், யார் எட்டத்தில் நின்றார்கள், யார் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு தண்டம் கட்டினார்கள் என்பதுதான் வரும். ஒரே சொல், இரண்டு சரித்திரம். பேரை மாற்று என்று நான் சொல்லவில்லை. நம் பிள்ளைகள் அங்கே போய் உட்கார்ந்து பேசினால் அந்தச் சொல்லுக்கு மூன்றாவது சரித்திரம் ஒன்று கிடைக்கும். கேள்வி, உட்கார விடுகிறார்களா என்பதுதான்.

இது தமிழுக்கு மட்டும் உள்ள சிக்கல் இல்லை. ஆங்கில விக்கிப்பீடியாவில் தொடர்ந்து எழுதுகிறவர்களின் எண்ணிக்கை 2007இல் உச்சத்தைத் தொட்டு, அப்புறம் சரியத் தொடங்கியது. ஏன் என்று ஆரோன் ஹால்பேக்கரும் அவரோடு சேர்ந்தவர்களும் ஆராய்ந்து 2013இல் எழுதினார்கள். நாசவேலையைத் தடுக்க வைத்த விதிகளும் தானாக இயங்கும் கருவிகளும், நல்ல எண்ணத்தோடு வந்த புதியவர்களின் எழுத்தையும் சேர்த்துத் தள்ளிவிட்டன. முதல் எழுத்தே தள்ளப்பட்டவர்கள் திரும்பி வரவில்லை என்பது அவர்கள் கண்டது. புதியவர்களைக் கடித்துத் துரத்தாதீர்கள் என்று அங்கே ஒரு வழிகாட்டுதலே உண்டு. அந்த அளவுக்குக் கடி இருந்திருக்கிறது என்றுதானே அர்த்தம்?

எங்கள் மாலைப் படிப்பு மையத்துக்கு வருகிற ஒரு பெண். பி.ஏ. முடித்துவிட்டு ஒப்பந்தத் தொழிலாளியாக வேலை செய்கிறாள். எல்லாரும் சேர்ந்து எழுதுகிற ஒரு பொதுத் தளத்தில், அதன் பேர் இங்கே வேண்டாம், தன் பாட்டியின் பேரைப் பயனர் பேராக வைத்துக்கொண்டு சேர்ந்தாள். தங்கள் சேரியைப் பற்றி எழுதினாள். ஏரிக்கரையில் மண் சுமந்தவர்கள், இரவுப் பள்ளி நடத்திய பெரியவர், முதன்முதலில் செருப்புப் போட்டு ஊர்த்தெருவில் நடந்த நாள். ராத்திரி பதினோரு மணி வரைக்கும் உட்கார்ந்து எழுதினாள். காலையில் ஒன்றுமில்லை. 'ஆதாரமற்றது' என்று ஒரு சொல். ஏன் என்று கேட்டதற்கு 'விதிகளைப் படிக்கவும்' என்று இரண்டு சொல். என்னிடம் வந்து சொன்னாள்: "உள்ள வான்னு சொன்னாங்கக்கா. உக்காருன்னு யாரும் சொல்லலியே."

இதில் கவனிக்க வேண்டியது, அதை நீக்கியவருக்கு அவள் யார் என்று தெரியாது. பேரை வைத்து எதையும் கண்டுபிடிக்க முடியாது. சாதி பார்த்து நீக்கினார் என்று சொல்ல முடியாது. எல்லாருக்கும் எந்த விதியோ அதே விதிதான் அவளுக்கும். வில்லன் யாரும் இல்லை. ஆனால் நடந்தது என்னவோ, பழைய கதைதான். நம் ஆட்கள் சொன்ன சொல் ஏட்டில் ஏறவில்லை. வில்லன் இல்லாமல் நடக்கிற அநீதியை எப்படிப் புரிந்துகொள்வது?

விதியையே தூக்கிப் போட்டால் தீர்ந்தது என்று சிலர் சொல்வார்கள். நான் அந்தக் கட்சி இல்லை. ஆதாரம் கேட்கிற விதி போய்விட்டால் அங்கே முதலில் நிரம்பப்போவது நம் கதை இல்லை. ஆண்ட பரம்பரைக் கதைகள்தான் நிரம்பும். ஒவ்வொரு சாதிச் சங்கமும் தனக்கு ஒரு ராஜாவையும் ஒரு கோட்டையையும் எழுதி வைக்கும். ஆள்பலம் உள்ளவன் எழுதியது நிற்கும், இல்லாதவன் எழுதியது அழியும். ஆங்கில விக்கிப்பீடியாவில் இந்தியச் சாதிகள் பற்றிய கட்டுரைகளுக்கு 2012 முதல் தனிக் கண்காணிப்பு வைக்க வேண்டி வந்ததே இந்தச் சண்டைகளால்தான். எட்கர் தர்ஸ்டன் 1909இல் ஏழு தொகுதிகளாகக் கொண்டுவந்த சாதிகள் பழங்குடிகள் புத்தகம் போன்ற வெள்ளைக்காரன் காலத்து இனவரைவு நூல்களைச் சாதிக் கட்டுரைகளுக்கு ஆதாரமாக ஏற்பதில்லை என்று அங்கே தொடர்ந்து எழுதுகிறவர்கள் முடிவெடுத்திருக்கிறார்கள். நம்மை மூக்கின் அளவாலும் மண்டை அளவாலும் அளந்து எழுதிய புத்தகங்களுக்கு எதிராக நமக்குக் கிடைத்த விதி அது. ஆக, விதி எப்போதும் எதிராளி இல்லை. பலமில்லாதவனுக்குத்தான் விதி அதிகம் தேவை.

ஆனால் அதே விதியின் இன்னொரு முகத்தையும் பார்க்க வேண்டும். 'அச்சில் வந்த ஆதாரம்' என்று கேட்கிறபோது, யாருக்கு அச்சு கிடைத்தது, யாருக்குக் கிடைக்கவில்லை என்ற சரித்திரமும் கூடவே உள்ளே வந்துவிடுகிறது. எழுத்துக்கு வெளியே நிறுத்தப்பட்டவர்களிடம் எழுத்துச் சான்று கேட்டால் அவர்கள் எங்கே போவார்கள்? இந்தக் கேள்வியை முன்வைத்து 2011இல் அச்சல் பிரபலா என்பவர் இந்தியாவிலும் தென்னாப்பிரிக்காவிலும் ஒரு முயற்சி செய்தார். மக்கள் வாய்மொழியாகச் சொல்வதைப் பதிவு செய்து, அந்தப் பதிவையே சான்றாகக் காட்டிக் கட்டுரை எழுதுவது. அது பொது விதியாக மாறிவிடவில்லை. ஆனாலும் விதி என்பது வானத்திலிருந்து விழுந்தது இல்லை, மனுசர்கள் வைத்தது, மனுசர்கள் பேசி மாற்றக்கூடியது என்று காட்டியது. 2015 முதல் ஏப்ரல் மாதத்தைத் தலித் வரலாற்று மாதமாக எடுத்து நடத்தும் பெண்கள் விக்கிப்பீடியாவில் கூடி எழுதியதும் இந்த வழியில்தான். விதிக்கு உள்ளே நின்று எழுதுவது, விதியைப் பற்றிப் பேசுவது, இரண்டும் வேண்டும்.

இப்போது அந்த மூன்றாவது கேள்விக்கு நேராக வருகிறேன். உள்ளே இருப்பவருக்குப் புதியவரிடம் கடமை உண்டா?

உண்டு என்பதற்கு என் நியாயம் இது. பழையவருக்கு விதியும் தெரியும், இடமும் தெரியும், நீக்குகிற பொத்தானும் தெரியும். புதியவருக்குத் தன் சரக்கு மட்டும்தான் தெரியும். 'இதை நீக்குகிறேன், காரணம் இது, இப்படி ஒரு சான்று கிடைத்தால் மறுபடி வைக்கலாம், கேட்க வேண்டுமானால் இங்கே கேள்' என்று நாலு வரி எழுத பழையவருக்கு ஐந்து நிமிசம் ஆகும். அந்த நாலு வரி இல்லாமல் போனால் புதியவருக்கு அந்த இடமே இல்லாமல் போகும். ஒருத்தருக்குக் கொஞ்சமாகச் செலவாகிறது, மற்றவருக்கு மொத்தமாகப் போகிறது என்றால் கடமை யார் பக்கம் என்பதில் சந்தேகம் என்ன? சம்பளம் இல்லாமல் ஓய்வு நேரத்தில் வேலை செய்கிறவர்கள் அவர்கள், தினம் நூறு குப்பையை அள்ளுகிறார்கள், தெரியும். குப்பை அள்ளுகிற வேலையின் களைப்பு நமக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆனால் களைப்பு கடமையைக் குறைக்காது. முடியாவிட்டால் இன்னொருவரிடம் கொடுக்கலாம்.

எல்லாருக்கும் ஒரே மாதிரி 'இல்லை' சொன்னால் அது சமத்துவம்தானே என்பார்கள். சொல் ஒன்றுதான். விழுகிற இடம் வேறு. வாழ்நாளில் யாரும் வாசலில் தடுத்திராத ஒருவருக்கு 'இல்லை' என்பது ஒரு திருத்தம். அவர் தோளைக் குலுக்கிவிட்டு மறுபடி எழுதுவார். தலைமுறை தலைமுறையாக வாசலில் தடுக்கப்பட்டவருக்கு அதே 'இல்லை' பழைய தடியின் சத்தம். அவர் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுவார். 'சரி, ஆனால் முகம் தெரியாத இடத்தில் வந்தவர் யார் என்று எனக்கு எப்படித் தெரியும்?' என்று கேட்கலாம். தெரியாதுதான். தெரியாது என்பதுதான் காரணம். எதிரில் இருப்பவர் யாராகவும் இருக்கலாம் என்றால், மிக அதிகமாக அடிபட்டு வந்தவராகவும் இருக்கலாம். அதனால் வருகிற ஒவ்வொருவரையும் அவராகவே நினைத்து நடத்துவதுதான் நேர்மை. முகம் தெரியாததை மரியாதை இல்லாமல் பேசுவதற்கான லைசென்சாக ஆக்கிக்கொண்டார்கள். அது உண்மையில் எல்லாருக்கும் மரியாதை கொடுப்பதற்கான காரணம்.

கணினி இடங்களுக்கு மட்டும் சொல்கிற நியாயம் இல்லை இது. 2020 ஆகஸ்டு 15, எங்கள் கும்மிடிப்பூண்டிப் பக்கம் ஆத்துப்பாக்கம் ஊராட்சி. தேர்தலில் ஜெயித்து, ஊராட்சி மன்றத் தலைவராக இருந்தவர் அமிர்தம் என்ற தலித் பெண். சுதந்திர தினத்தன்று தேசியக் கொடி ஏற்ற அவரை விடவில்லை. செய்தி வெளியே வந்து நாடே பேசிய பிறகு, ஆகஸ்டு 20ஆம் தேதி மாவட்ட ஆட்சியரும் காவல் கண்காணிப்பாளரும் கூட நிற்க அவர் கொடி ஏற்றினார். விதிப்படி அவர் பேர் ஓட்டுச் சீட்டில் இருந்தது, ஜெயித்தவர் பட்டியலில் இருந்தது, அரசுப் பதிவேட்டில் இருந்தது. கொடிக்கயிறு மட்டும் கைக்கு வரவில்லை. பேரைச் சேர்த்துக்கொள்வது ஒன்று, ஆளைச் சேர்த்துக்கொள்வது வேறு. இதே கும்மிடிப்பூண்டி வட்டத்துத் தேர்வாய்கண்டிகையில், தலித்துகள் பெரும்பான்மையாக வாழும் அந்தக் கிராமத்தார், மாடு மேய்த்து விறகு பொறுக்கிய காட்டு நிலத்தைத் தொழிற்பேட்டைக்கு எடுக்காதே என்று 2007 முதல் வருசக்கணக்கில் போராடினார்கள். தொழிற்பேட்டை வந்தது. அதற்கு வைத்த பேர் தேர்வாய்கண்டிகை. ஊரின் பேர் உள்ளே போய்ப் பலகையில் ஏறிக்கொண்டது. ஊர்க்காரர்களின் பேச்சு வெளியே நின்றது.

இவ்வளவும் பேசிவிட்டு நம் பக்கத்தையும் பேசாமல் விட்டால் அது நியாயமாகாது. கும்மிடிப்பூண்டி ரயில் நிலையத்தில் பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வந்து இறங்குகிறவர்களில் நம்மைப் போன்றவர்கள் ஏராளம். சொந்த ஊரில் பேரின் கடைசிச் சொல்லால் அடிபட்டவர்கள் இங்கே வந்தால் 'ஹிந்திக்காரன்' என்ற ஒரே பேரில் அடைக்கப்படுகிறார்கள். நம் சங்கக் கூட்டத்துக்கு அப்படி ஒருவர் வந்து கடைசி வரிசையில் நின்றால் அவர் பேரைக் கேட்டு, அதை அவர் சொன்ன மாதிரியே உச்சரித்து, முன்னால் உட்கார வைக்கிற கடமை நமக்கு உண்டு. ஓர் இருளர் பெண் வந்தால், நம் பேச்சில் விழுகிற சுருக்கெழுத்துகளையும் இயக்கப் பேர்களையும் நிறுத்திச் சொல்லித்தர வேண்டிய கடமை உண்டு. பழையவன் என்ற அதிகாரம் யார் கைக்கு வந்தாலும் அதே ருசிதான் அதற்கு.

ஆகவே, பேர் கேட்கலாம். கூப்பிடவும் பொறுப்பு ஏற்கவும் மட்டும் கேட்க வேண்டும். அந்தப் பேரை வருகிறவரே வைத்துக்கொள்ள வேண்டும். விதி இருக்கலாம். அதை மீறியதாகச் சொல்லித் தள்ளுவதற்கு முன்னால் சொல்லித்தர வேண்டும். தள்ளினால் காரணத்தைத் தள்ளப்பட்டவருக்குப் புரிகிற பாஷையில் எழுத வேண்டும். விதியைப் பற்றிப் பேசுகிற இடத்தில் நேற்று வந்தவருக்கும் ஒரு பலகை போட வேண்டும். இதில் ஒன்று குறைந்தாலும் அது திறந்த வீடாக இருக்கலாம். பொது வீடு ஆகாது.

அந்தப் பெண் இப்போது தன் சேரியின் பெரியவர்களைப் பேசவைத்துப் பதிவு செய்துகொண்டிருக்கிறாள். நாள், இடம், சொன்னவர் ஒப்புதல் எல்லாம் ஒரு நோட்டில் இருக்கிறது. அச்சில் கொண்டுவரப் போகிறோம். ஆதாரம் கேட்டார்கள் இல்லையா, கொடுப்போம். கொடுத்த பிறகு அவர்கள் என்ன செய்கிறார்கள் என்பதைக் கேட்கிற உரிமையும் நம்முடையது.